கட்டுப்படியாகும் தண்ணீர்

1

ஏழை நாடுகள் இனி எவ்வாறு வாழ வேண்டும் என்பதை விளக்கும் நூலொன்று சென்ற வாரம் எனக்குத் தபாலில் வந்தது. வழுவழுப்பான கனத்த தாள். ஏழைகளைப் பற்றிய நூல்களுக்குத்தான் இப்போதெல்லாம் அத்தகைய தாள் வாய்க்கிறது. கொள்ளைநோய்க்குப் பின் வசதி குறைந்த நாடுகள் மேற்கொள்ளத்தக்க, கட்டுப்படியாகும், நிலைத்த வளர்ச்சிக்கான கொள்கைகள் என்பது அதன் தலைப்பின் சுருக்கம். முழுத் தலைப்பையும் படித்து முடிப்பதற்குள் அடுத்த கொள்ளைநோய் வந்துவிடலாம்.

நூலின் நடுப்பகுதியில் ஒரு சிமெண்டுத் தொட்டியின் வண்ணப்படம் இருக்கிறது. தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்து, சந்தனம் பூசி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறார்கள். மக்கள் இத்திட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்று படத்தின் கீழே மூன்று மொழிகளில் பெருமிதம்.

அந்தப் படம் எடுக்கப்பட்டபோது நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். தமதாக்கிக்கொண்டதால் என்ன ஆயிற்று என்பதை நூல் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அமர்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒருநாள் இத்தகைய தொட்டி வந்து சேரலாம். ஆகவே சொல்லிவைக்கிறேன்.

2

பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டத்துடன் நான் இந்த நாட்டுக்குக் கப்பலேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கிள்ளானில் ஒரு கல்லூரியில் வளர்ச்சிப் பொருளாதாரம் கற்பித்தேன். அதாவது, ஏழை நாடு எப்படி முன்னேறும் என்பதை, முன்னேறிய நாட்டில் அச்சான பாடநூலை வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்டில் விளக்கினேன். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். இப்போது ஓய்வுபெற்றுக் கோலசிலாங்கூரில் இருக்கிறேன். காலையில் ஆற்றங்கரை வரை நடை. திரும்பியதும் குடிப்பதற்குத் தண்ணீர் வைத்து, அது கொதித்து முடியும்வரை அடுப்பருகிலேயே நிற்கிறேன். இந்த ஊர்க் குழாய்நீருக்கு அது தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

என் மனைவி விசாலாட்சி, இங்கிருந்து ஈஜோக் செல்லும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். தோட்டத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் தரும் செம்பனை நடுகிறார்கள். அதோடு பெயரையும் மாற்றிவிடக்கூடும். பணி ஓய்வுக்குப் பிறகும் வாரம் ஒருமுறை அங்கே ஆயாக் கொட்டகைக்குப் போய்வருவாள். ரப்பர்ப் பால்வெட்டச் செல்லும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதன் ஆயா தனபாக்கியம் அவளுடைய தோழி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அப்போது பக்கத்து ஓடைதான் தண்ணீர். யார் வீட்டில் தம்ளரை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் விசாலாட்சிக்கு இல்லை.

பல ஆண்டுகளாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த காலரா, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த லயத்துக்கும் வந்தது. அவளுக்கு அது மூன்று நாள் தந்தது.

எங்கள் ஒரே மகள் நிர்மலா வந்து சேர்ந்தது ஆறாம் நாள். ஏழை நாடுகளுக்கு ஆலோசனை கூறும் ஐரோப்பிய அலுவலகமொன்றில் அவள் பணிபுரிகிறாள். அந்த அலுவலகத்துக்கு அருகில் ஏழை நாடு எதுவும் இல்லை. வாசலில் பெட்டியை வைத்ததும், "அப்பா, உப்புச் சக்கரைத் தண்ணி எத்தன மணிக்கு ஸ்டார்ட் பண்ணாங்க?" என்று கேட்டாள். நான் நேரத்தைச் சொன்னேன். "டிரிப் ஏத்துனது எப்போ?" அதையும் சொன்னேன். அவள் தலையசைத்துக்கொண்டே கேட்டாள். நான் தேர்வில் விடை சொல்வதுபோல் சொன்னேன். அழுவதற்குப் பதிலாக நாங்கள் ஓர் ஆய்வுக் கூட்டம் நடத்தி முடித்தோம். இருவருமே அதில் பயிற்சி பெற்றவர்கள்.

3

லயத்திலிருந்து பெரிய சாலைக்கு ஐந்து நிமிட நடை. சாலையோரமாக அரசாங்கக் குடிநீர்க் குழாய் போகிறது. மானேஜர் பங்களாவுக்கு அதிலிருந்து ஒரு கிளை வெகுகாலமாக உண்டு. லயத்துக்கு இல்லை. நோய் ஓய்ந்ததும் தனபாக்கியமும் மற்றப் பெண்களும் லயத்துக்கும் ஒரு கிளை வேண்டுமென்று விண்ணப்பித்தார்கள். எழுதியவன் நான், கைநாட்டு அவர்களுடையது.

தோட்டம் தனியார் நிலம், நாங்கள் உள்ளே வர இயலாது என்றது நீர் அலுவலகம். தண்ணீர் அரசாங்கத்தின் பொறுப்பு, நாங்கள் வெளியே போக இயலாது என்றது தோட்ட நிர்வாகம். இரு தரப்பும் சொல்வது சரியே என்று மாவட்ட அலுவலகம் பதில் எழுதியது. இத்தனை அலுவலகங்கள் ஒருமித்த கருத்துக்கு வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்த ஒருமைப்பாட்டின் நடுவேதான் நிர்மலாவின் அலுவலகம் அனுப்பிய வல்லுநர் குழு வந்திறங்கியது. தலைவர் குளிர் நாட்டைச் சேர்ந்த நெடிய மனிதர், பண்பாளர், வெயிலில் சிவந்துபோவார். இந்த வட்டாரத்தை அறிந்தவள் என்பதற்காக நிர்மலாவைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். ஆங்கிலமும் தமிழும் அறிந்தவன் என்பதற்காக மாவட்ட அலுவலகம் என்னை மொழிபெயர்ப்பாளனாக நியமித்தது. தந்தையும் மகளும் என்று தெரிந்தபோது தலைவர் மகிழ்ந்தார். நிர்மலாதான் என்னை ஓரமாக அழைத்து, "புரோட்டோகால்படி நான் உங்ககிட்ட தனியா பேசக்கூடாது" என்று தனியாகச் சொன்னாள்.

அவர்கள் கொண்டுவந்தது மணல் வடிகட்டி. சிமெண்டுத் தொட்டி, அடியில் சரளை, மேலே மணல். ஓடைநீர் மணலினூடே மெல்ல இறங்கும். இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை, அறிவியல் பழுதற்றது. சில வாரங்களில் மணலின் மேல் பச்சையாக வழுவழுவென்று ஒரு படலம் வளரும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் சேர்ந்த அந்தப் படலம்தான் நோய்க்கிருமிகளைத் தின்கிறது. மணல் வெறும் பாய், வேலைக்காரன் பாசி. பாசி செத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் சுத்தமாக இராது.

நான் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கட்டுப்படியாகும் என்கிறீர்களே, யாருக்கு? நல்ல கேள்வி என்று சொல்லி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அது இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

மாவட்ட அலுவலகத்துக்கு இப்போது ஒரு வழி பிறந்தது. வடிகட்டி வெற்றி என்று குழு அறிக்கை தந்தால் குழாய் தேவையில்லை; விண்ணப்பம் மூடப்படும். அதுவரை கோப்பு தூங்கும். ஆக, லயத்துக்குக் குழாய் வருமா என்பது என் மகளும் கையெழுத்திட வேண்டிய ஒரு தாளில் வந்து நின்றது.

தனபாக்கியம் என்னிடம் நேராகவே கேட்டார். "ஐயா, பங்களாவுல இருக்கற நாய்க்குட்டி கொழாத் தண்ணி குடிக்குது. நாங்க மட்டும் பாசித் தண்ணி குடிச்சு ஒலகத்துக்கு வழி காட்டணுமா?"

இந்தக் கேள்வியைத் தலைவருக்கு மொழிபெயர்த்தேன். பயனாளிகளின் ஆர்வம் ஊக்கமளிக்கிறது என்றார்.

எனக்கு இதெல்லாம் புதிதல்ல. நான் இளைஞனாக இருந்தபோது திருச்சி மாவட்டத்தில் எங்கள் ஊருக்குப் புகையில்லா அடுப்பு வந்தது. முதல் வீடாக எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய அதிகாரி வந்து பற்றவைத்தார், புகைப்படம் எடுத்தார்கள், புகைப்படத்தில் புகை இல்லை. அவர்கள் போனதும் என் அக்கா கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துச் சமைத்தாள். அந்த அடுப்பில் ஒரு கோழி அடைகாத்தது. பதினோரு குஞ்சு. வளர்ச்சித் திட்டங்களில் நான் கண்ணால் கண்ட விளைச்சல் அது ஒன்றுதான்.

4

வடிகட்டியின் பராமரிப்புக் கையேட்டை நான் தமிழாக்கினேன். கலைச்சொற்களை உருவாக்கினேன். பச்சைப் படலத்துக்கு 'உயிர்த்தோல்' என்று பெயரிட்டு, அதனை எக்காரணம் கொண்டும் சிதைத்தல் ஆகாது என்று எழுதினேன். நல்ல தமிழ். லயத்தில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. மாவட்ட அலுவலகத்தில் படித்தவர்களுக்கு உயிர்த்தோல் யாருடையது என்பது விளங்கவில்லை.

குழு இறுதி மதிப்பீட்டுக்கு வரும் நாள், அந்த ஆண்டு ஆயுத பூசைக்கு மறுநாளாக அமைந்தது. பூசைக்கு ஒரு வாரம் முன்பு, தோட்டத்து மண்டோர் கோவிந்தன் மோட்டார்சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். மண்டோர் என்றால் தொழிலாளர்களை மேற்பார்ப்பவர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார்.

"ஐயா, பூசைக்கி பால்கத்தி, வாளி, லோரி எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைக்கப் போறோம். இந்தத் தண்ணித் தொட்டி மட்டும் பாக்க அசிங்கமா இருக்குங்க. மேல பச்சையா வழவழன்னு. மறுநாளு வெள்ளக்காரத் தொரைங்க வேற வராங்க. அதையும் கழுவிடலாங்களா?"

அப்போது நான் கையேட்டின் மறுபதிப்புக்கான அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்: உயிர்த்தோல் பற்றிய பக்கம்.

ஆயுத பூசை என்ற சொல் காதில் விழுந்ததும் வேறு எங்கோ போய்விட்டேன். அந்த நாளில் விசாலாட்சி என் தட்டச்சு இயந்திரத்தைத் துடைத்து அதன் நெற்றியில் சந்தனம் வைப்பாள். விசைகளுக்குள் சந்தனம் போகும் என்று ஆண்டுதோறும் ஆட்சேபித்தேன், ஆண்டுதோறும் போயிற்று. அவளுக்குப் பின் அந்த வீட்டில் எதையும் யாரும் துடைக்கவில்லை.

"தாராளமாகக் கழுவுங்கள்" என்றேன்.

"ரொம்ப சந்தோசங்க" என்று அவர் போனார். நான் அந்தப் பக்கத்தைத் திருத்தி முடித்து, பிழையில்லை என்று கையொப்பமிட்டேன்.

5

அவர்கள் எதையும் அரைகுறையாகச் செய்பவர்கள் அல்லர். மணலை முழுவதும் வெளியே எடுத்து, சவர்க்காரம் போட்டு அலசி, சாக்கில் பரப்பிக் காயவைத்து, மீண்டும் கொட்டியிருந்தார்கள். தொட்டியின் உட்புறத்தைத் தேங்காய் நாரால் தேய்த்திருந்தார்கள். வெளியே சுண்ணாம்பு, சந்தனம், குங்குமம், மாவிலை. முன்னால் பூசணிக்காய் உடைத்த தடம். மணல் பொன்போல் மின்னியது. ஓர் அணுவளவு பாசி இல்லை.

நிர்மலா தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவரைத் தவிர அங்கே அனைவரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். தலைவர் படமெடுத்தார்; மக்கள் இதைத் தம் வழிபாட்டுக்குள் சேர்த்துக்கொண்டது தம் பணிவாழ்வில் காணாத காட்சி என்றார். அவர் மணலைப் பார்க்கவில்லை. பொட்டைப் பார்த்தார்.

தனபாக்கியம் ஒரு தட்டில் தம்ளர்களோடு வந்தார். தண்ணீர் பளிங்குபோல் இருந்தது.

"மொதல்ல நீ குடிம்மா" என்று நிர்மலாவிடம் நீட்டினார். "டீச்சரம்மா மக கையாலதான் ஆரம்பிக்கணும்னு வச்சிருக்கோம். கழுவுனப்பறம் ஒருத்தரும் இன்னும் வாயில வைக்கல."

லயமே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் அத்தனை பேருக்கும் அவமானம். குடித்தால் என்ன ஆகும் என்பதை இந்த வட்டாரத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்க்க அதில் எதுவும் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

நிர்மலா தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு நீங்க போடற டீதான் பிடிக்கும். இதுலயே எனக்கு டீ போட்டுத் தாங்க லா. நல்லா கொதிக்க வச்சு. எல்லாருக்குமே."

"பச்சத் தண்ணி குடுத்தா டீ கேக்கறா பாரு! அம்மாவ உரிச்சு வச்சிருக்கு!" என்று தனபாக்கியம் சிரித்தார். பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார்கள். தேநீர் கொதிக்கும் வேளையில் நிர்மலா பெண்களிடையே நின்று, அடுத்த சில வாரத்துக்கு இந்தத் தொட்டித் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது என்று, தான் மறந்துபோயிருந்த தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னாள். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். என் கையேட்டுக்குக் கிடைக்காத மரியாதை.

மாதிரி நீரைப் புட்டியில் அடைத்த பிறகு என்னருகே வந்தாள்.

"யாருப்பா கழுவச் சொன்னது?"

"விசாரிக்கிறேன்" என்றேன்.

வாழ்நாளெல்லாம் கல்வித்துறையில் இருந்தவனுக்குத்தான் அந்த விடை அவ்வளவு விரைவாக வரும்.

6

ஆய்வக முடிவு வந்தது. தொட்டிநீர் ஓடைநீரிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. கோலசிலாங்கூர்க் குன்றின்மேல் உள்ள விருந்தினர் மாளிகையில் குழு கூடியது. குரங்குகள் சன்னல் விளிம்பில் அமர்ந்து உள்ளே பார்த்தன. நடவடிக்கையை ஊன்றிக் கவனித்தவை அவைதான். மானேஜர் வந்திருந்தார். மக்கள் பங்கேற்பு வேண்டும் என்பதால் கோவிந்தனையும் தனபாக்கியத்தையும் அழைத்துக் கதவருகே நிற்கவைத்திருந்தார்கள்.

தலைவர் வரைவை வாசித்தார். தொழில்நுட்பம் பொருத்தமானது. தோல்விக்குக் காரணம் பயனாளிகளின் அறியாமை. ஆகவே குழாய் இணைப்பு பரிந்துரைக்கப்படவில்லை. மாறாக, மூன்று ஆண்டு விழிப்புணர்வுத் திட்டம், சுவரொட்டிகள், ஒரு பொம்மலாட்டம். மானேஜர் பொம்மலாட்டத்தை வரவேற்றார்.

நிர்மலா, "யார் அனுமதித்தது என்பதைக் கேட்காமல் இதில் நான் கையெழுத்திட முடியாது" என்றாள். தலைவர் கோவிந்தனிடம் திரும்பினார். உன்னிடம் யார் கழுவச் சொன்னது? நான் தமிழில் கேட்டேன்.

கோவிந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். "யாரும் சொல்லலீங்க தொரை. நாங்களாத்தான் கழுவுனோம். படிக்காத சனங்க. புத்தி இல்ல."

அறை என்னை நோக்கிக் காத்திருந்தது. தலைவரின் பேனா 'அறியாமை' என்ற சொல்லின் மேல் தயாராக நின்றது. தனபாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் நின்றால் குழாய் வராது என்பது அவருக்குத் தெரியும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஒரு வாரம் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் போய் அனுமதி கேட்டேன் என்கிறார். மொழிபெயர்ப்பாளர் தாராளமாகக் கழுவச் சொன்னார் என்கிறார். கையேட்டைத் தமிழாக்கிய, முதுகலைப் பட்டம் பெற்ற மனிதருக்கே நினைவில்லாத ஒன்றை நாங்கள் எப்படி அறிவோம் என்று கேட்கிறார்."

என் வாழ்நாளில் நான் செய்த ஒரே பொய்யான மொழிபெயர்ப்பு அது. அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உண்மையும் அதுதான்.

தலைவர் நெற்றியைச் சுருக்கினார். கோவிந்தன் பேசியது நாலே சொல் போலத் தோன்றியிருக்க வேண்டும். நிர்மலாவிடம் திரும்பி, அவர் சொன்னது இதுதானா என்று கேட்டார்.

என் மகளுக்குத் தமிழ் தடுமாறும், புரியாமல் போகாது. அவள் என்னைப் பார்த்தாள். ஆறாம் நாள் வாசலில் நின்று பார்த்ததற்குப் பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆம். துல்லியமான மொழிபெயர்ப்பு" என்றாள்.

பிறகு வரைவைத் தன்பக்கம் இழுத்து, அந்தச் சொல்லை அடித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். சுத்தமாக வைத்திருந்தாலே கெட்டுப்போகும் ஒன்றை, சுத்தமாக வைத்திருப்பதைக் கடமையாகக் கருதும் மக்களிடம் கொடுத்துவிட்டு அவர்களைக் குறைசொல்வது கொள்கையாகாது என்பது அவள் எழுதியதன் சாரம். இந்த லயத்துக்குக் குழாய் இணைப்பே பொருத்தமானது என்று முடித்துக் கையெழுத்திட்டாள். இந்த ஒரு லயத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு தலைவரும் இட்டார். மற்ற ஏழை நாடுகளுக்கு வடிகட்டியே தொடரும். அவருக்கும் ஓர் அலுவலகம் இருக்கிறது.

வெளியே வந்ததும் கோவிந்தன் என் பக்கத்தில் நடந்தார். "ஐயா, நான் சொன்னது கொஞ்சந்தானே? நீங்க நீட்டமா என்னமோ சொன்ன மாதிரி இருந்திச்சே?"

"ஆங்கிலம் அப்படித்தான். சிறிய செய்திக்கும் நிறைய இடம் கேட்கும்."

"என்னமோ போங்க. ஒங்க பேரு கெடக்கூடாதுன்னு நான் பாத்தேன்" என்றார் அவர்.

காரில் திரும்பும்போது நிர்மலா புரோட்டோகாலை மறந்துவிட்டாள். "அம்மா இருந்திருந்தா அந்தத் தொட்டிக்குப் பொட்டு வச்சதே அவங்களாத்தான் இருக்கும். என்ன அப்பா?"

"ஆமாம். நானும் வேண்டாமென்று சொல்லியிருப்பேன், அவள் கேட்டிருக்கமாட்டாள்."

அவள் சிரித்தாள். பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இம்முறை நாங்கள் ஆய்வுக் கூட்டம் எதுவும் நடத்தவில்லை.

7

குழாய் பதிக்க நீர் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நிர்மலா தன் ஐரோப்பாவுக்குப் போய்விட்டிருந்தாள். அவள் கேட்டுக்கொண்டதற்காக நான் போயிருந்தேன்.

வாய்க்கால் வெட்டினார்கள், குழாய்களைப் பொருத்தினார்கள், மூடினார்கள். லயத்துப் பெண்கள் வரிசையாகக் குடங்களை வைத்துவிட்டு வேலையை வேடிக்கை பார்த்தார்கள். திருகியதும் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் கலங்கல், பிறகு தண்ணீர். தனபாக்கியம் உள்ளங்கையில் பிடித்துக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னாய்யா இது, ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது?"

"குளோரின். அது இருந்தால் கிருமி இல்லை என்று பொருள்."

"அப்ப நாறட்டும். நல்லா நாறட்டும்." குடத்தைக் குழாயடியில் தள்ளிவைத்தார்.

பணி முடிந்ததற்குச் சாட்சியாக யாராவது கையெழுத்திட வேண்டும் என்றார் மேற்பார்வையாளர். மானேஜர் இல்லை, படித்தவன் என்று என்னிடம் படிவத்தை நீட்டினார்கள். பணி தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று இரண்டு சிறிய கட்டங்கள். அவற்றில் அடுத்தடுத்த இரண்டு தேதிகளை எழுதினேன். முதல் நாள் பிற்பகல் தொடங்கி, மறுநாள் நண்பகலுக்குள் முடிந்துவிட்டிருந்தது.

அதற்குக் கீழே, கூறவேண்டியது ஏதேனும் உண்டா என்று ஒரு பெரிய கட்டம், பக்கத்தின் பாதியளவு. மேற்பார்வையாளர் பேனாவை என் கையிலேயே விட்டுவிட்டு, வெயிலில் பொறுமையாகக் காத்திருந்தார்.

நான் அதைக் காலியாக விட்டு, அடியில் கையெழுத்திட்டேன்.